மணப்பதிவேடும் குடிவழியும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிவழி ஆராய்ச்சி குறித்துச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். குடிவழி என்றவுடனே நம்மவர் சோழன் மெய்க்கீர்த்தியிலும் செப்பேட்டிலும் தம் குலப்பெயரைத் தேடப் புகுவர். அஃது இன்பமான வேலைதான். யானும் இளமையில் அதனைச் செய்தவனே. ஆனால், அரசன் அவையில் நின்ற ஒருவரை நம் முன்னோர் என்று நிறுவ இடையில் முப்பது தலைமுறை வேண்டும். நம்முட் பெரும்பாலோர்க்கு நான்காந் தலைமுறையின் பெயரே தெரியாது. பாட்டனைப் பெற்ற தாயின் பெயர் யாது என்று இவ்வவையில் வினவினால் எத்தனை கைகள் எழும்? முன் வரிசையில் இருக்கும் பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள்க. யானும் ஈராண்டுக்கு முன்வரை கை தூக்க இயலாதவனாகவே இருந்தேன்.

ஆதலின் இன்று யான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். கடல் கடந்த நாட்டின் மணப்பதிவேடு ஒன்றில் உள்ள சில வரிகளே அவை. அவ்வரிகளை நம் மாத இதழின் குடிவழிப் பக்கத்தில் உள்ளவாறே அச்சிடலாமா, சிலவற்றை விட்டு அச்சிடலாமா என்பது நிர்வாகக் குழுவின் முன் நிற்கும் வினா. உங்கள் கருத்தையும் அறிந்தே குழு முடிவு செய்ய இருக்கின்றது. நடந்ததை நடந்தவாறே சொல்லுகின்றேன்.

சென்ற தைத் திங்களில் எழுபத்தைந்து வயதுடைய அம்மையார் ஒருவர் தம் பேரனுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து நம் ஊருக்கு வந்தார். தமிழ் சிறிதே பேசுவார், எழுத்து அறியார். தம் பாட்டனார் நம் குலத்தவர் என்று கேள்வியுற்று, அவர் பிறந்த ஊரைக் காணும் விருப்பத்தால் வந்தவர். நம் செயலாளர் அவரை என் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். பிற்பகல் மணியடித்துப் பிள்ளைகள் சென்றபின், வகுப்பறைப் பலகையின்மேல் அவர் தம் கைப்பையினின்றும் மூன்று தாள்களை எடுத்து விரித்தார். ஒன்று கப்பற் பட்டியலின் படி. மற்றை இரண்டும் மணப்பதிவின் படிகள். "இதுதான் ஐயா எங்கள் வீட்டில் உள்ளது. இதில் ஏதோ தவறு இருக்கின்றது, அதனால் என் தாயார் இதைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்" என்றார்.

அத் தவறு யாது என்று சொல்லுமுன், அவர் பாட்டனார் ஏன் அங்குச் சென்றார் என்பதனைச் சிறிது கூறல் வேண்டும்.

நேட்டால் என்பது அக்காலத்தில் ஆங்கிலேயர் குடியேற்ற நாடு. அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தினின்றும் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அங்குச் சென்ற முதற் கப்பல் அதுவே. இடையிற் சில ஆண்டுகள் நின்று, மீண்டும் தொடங்கி, 1911ஆம் ஆண்டில் அம்முறை ஒழியும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அங்குக் கொண்டு செல்லப்பெற்றனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னையிற் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமாவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்க ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பஞ்சமும் கடனும் துரத்தச் சென்றோர் பலர். வீட்டிற் பிணங்கிச் சென்றோரும் உளர். ஆள்சேர்ப்போரின் சொல்லை நம்பிச் சென்றோர்க்குக் கணக்கில்லை.

கப்பலேறுமுன் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றைப் பட்டியலில் எழுதினர். கப்பலினின்றும் இறங்கியதும் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டனர். கைக்குழந்தைக்கும் எண் உண்டு. அவ்வெண் சாகுமளவும் நீங்காது. அவர் மணந்தால் மணப்பதிவேட்டிலும், பிள்ளை பெற்றால் பிறப்பேட்டிலும், இறந்தால் இறப்பேட்டிலும் அதே எண். மனிதனுக்கு எண் இடுதல் இழிவே, அதில் ஐயமில்லை. ஆயினும், பெயரைச் சிதைத்த அவ்வெழுத்தர்கள் எண்ணைச் சிதைக்கவில்லை. இன்று அந்நாட்டுத் தமிழர் தம் முன்னோரைத் தேடப் புகின், பெயரினும் எண்ணே அவர்க்குத் துணையாக நிற்கின்றது. அப்பட்டியல்களின் படிகள் டர்பனில் உள்ள பல்கலைக்கழக ஆவண நிலையத்தில் இருக்கின்றன. கூலிகளுக்குக் காப்பாளராக அமர்த்தப்பெற்ற அதிகாரியின் அலுவலகத் தாள்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பெயர்ச் சிதைவு குறித்து ஒரு சொல். தமிழ் படித்தவனாகிய எனக்கு இப்பகுதி பெருவிருந்தாயிருந்தது; உங்களைச் சிறிது நேரம் இதில் நிறுத்திவைப்பேனாயின் பொறுத்துக்கொள்க. முனுசாமி என்பது 'மூன்சாமி' ஆயிற்று. குப்புசாமி 'கூப்பூசாமி' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆகவும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், படையாட்சி 'படையாச்சி' ஆகவும் மாறி, அவை பரம்பரைக் குடிப்பெயர்களாகவே இன்று வழங்குகின்றன. அதனைக் கண்டவுடன் "ஆ! இவர் இன்ன சாதி" என்று நம்மவர் துள்ளுவர். துள்ளவேண்டா. அங்குச் சென்றபின் தம் விருப்பப்படி ஒரு பட்டத்தைச் சூடிக்கொண்டோரும் உளர். தந்தை பெயரை எழுத்தர் குடிப்பெயராக்கிவிட்டமையால் பட்டத்தை இழந்தோரும் உளர். சாதி என்னும் கட்டமோ இன்னும் வேடிக்கையானது. 'மலபார்' என்று எழுதியிருக்கும். அக்கால ஆங்கிலேயர் தமிழரை அப்படி அழைப்பர். 'ஜெண்டூ' என்றிருக்கும், அது தெலுங்கர்க்கு இட்ட பெயர். 'கிறித்தவர்' என்றிருக்கும், அது சமயம். கேட்டவர் ஒன்று நினைத்துக் கேட்க, சொன்னவர் ஒன்று நினைத்துச் சொல்ல, எழுதினவர் தமக்குத் தெரிந்ததை எழுதினார்.

ஊர்ப்பெயரும் இத்தகையதே. 'வாண்டிவாஷ்' என்பது நம் வந்தவாசி, 'சிங்கில்புட்' செங்கல்பட்டு. பெயரைத் திருத்திக்கொண்டாலும் ஜில்லா மாறியிருக்கும். நேட்டால் சென்றவருள் மிகப் பலரை அனுப்பிய வட ஆற்காடு ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் அதன் ஒரு பகுதி சித்தூர் ஜில்லாவாகப் பிரிந்தது. அதனுட் சென்ற திருத்தணி 1960இல் மீண்டும் நம் மாநிலத்துக்கு வந்தது. எஞ்சியது 1989இல் இரண்டாயிற்று. திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தோன்றின. இவையொன்றும் அறியாமல், 'நார்த் ஆர்க்காட்' என்னும் ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வேலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி, "அவ்வூர் எங்கே?" என்று கேட்டு நின்றிருக்கின்றார் அவ்வம்மையார்.

இனி அத்தாள்களுக்கு வருவோம்.

பாட்டனார் 1899இல் தனியாளாக நேட்டாலுக்குச் சென்றவர். போளூர்த் தாலுகா. சாதிக் கட்டத்தில் நம் குலப்பெயர் சிதைந்த எழுத்தில் தெளிவாகவே இருக்கின்றது. இதனைக் கண்டதும் செயலாளர் மகிழ்ந்தார். முதல் மணப்பதிவு 1915ஆம் ஆண்டிற்கு உரியது. அதில் மணமகன் எண், மணமகள் எண், இருவர் தந்தையர் பெயர் எல்லாம் உள. அம்மையார் விரலை வைத்துக் காட்டியது ஆண்டின்மேல். "என் பெரியப்பா பிறந்தது 1905. என் அப்பா பிறந்தது 1912. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் கலியாணம் 1915 என்றிருக்கின்றதே!" இவ்வொரு வரிக்காகவே அவர் தாயார் அத்தாளை நாற்பதாண்டு பெட்டியின் அடியில் வைத்திருந்தார். தம் மாமனாரும் மாமியாரும் மணமின்றி வாழ்ந்தவர்கள் என்று அண்டை வீட்டார் அறிந்துவிடுவரோ என்னும் அச்சம்.

அம்மையார்க்கு யான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லுகின்றேன். 1913ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் சர்ல் என்னும் நீதிபதி ஒரு தீர்ப்பளித்தார். பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயங்களின் முறைப்படி நடந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின்முன் மணமாகாது என்பது அதன் பயன். ஒரே நாளில் எண்ணிறந்த தாய்மார் மனைவியர் என்னும் நிலையை இழந்தனர். பிள்ளைகளின் உரிமை ஐயத்துக்கு இடமாயிற்று. இத்தீர்ப்பைப் பொறாமலே அவ்வாண்டுச் சத்தியாக்கிரகத்தில் பெண்டிர் முன்னணியில் நின்றனர். கஸ்தூரிபா சிறை புகுந்தார். தமிழ்ப் பெண்டிர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். தில்லையாடியைத் தம் பெற்றோர் ஊராகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் உயிர்நீத்தார். பாடப்புத்தகத்தில் நாம் அவரைத் தலைவரிக் கொடுமையோடு சேர்த்தே படிக்கின்றோம். தம் தாயின் மணம் மணமே என்று நிறுவுதற்கும் அப்போர் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம்.

1914இல் இந்தியர் குறைதீர்க்கும் சட்டம் வந்தது. தலைவரி நீங்கிற்று, ஒரே மனைவியோடு வாழ்பவர், தம் சமய முறைப்படி முன்னரே நடந்த மணத்தைப் பதிவுசெய்து செல்லுபடியாக்கிக்கொள்ளவும் வழி பிறந்தது. அதற்கடுத்த ஆண்டிலேயே இப்பாட்டனார் தம் மனைவியை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் சென்றிருக்கின்றார். பதிவில் உள்ள 1915 அவர்கள் மணந்த ஆண்டன்று. தம் மணத்தைச் சட்டத்தின் வாயால் மணம் என்று சொல்வித்துக்கொண்ட ஆண்டு. பத்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் அப்படியில் ஏறியிருக்கக்கூடும். இதனை யான் சொல்லியபோது அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்த் தம் பேரனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். "அம்மா உயிரோடு இருக்கும்போது இதை யாரும் சொல்லவில்லையே என்கின்றார்" என்று அப்பையன் எனக்குப் பெயர்த்துச் சொன்னான்.

இம்மட்டில் நின்றிருந்தால் நிர்வாகக் குழுவுக்கு வேலையில்லை. பாட்டியின் எண் இருந்ததன்றோ? அவ்வெண்ணைப் பிடித்து அவர் வந்த கப்பலின் பட்டியலையும் வருவிக்குமாறு யான் பேரனிடம் சொன்னேன். பாட்டி 'பொங்கல் கப்பலில்' வந்தார் என்று வீட்டில் ஒரு கதை வழங்கிவந்ததாம்; பொங்கற் பண்டிகையன்று கரை சேர்ந்தது போலும் என்று எண்ணியிருந்தனர். 'பொங்கோலா' என்று ஒரு கப்பல் அவ்வழியில் ஓடியது. அந்நாட்டு ஆறு ஒன்றின் பெயர் அது. வாய்ச்செய்தி முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. பேரன் ஊருக்குத் திரும்பி, ஆவண நிலையத்தில் தேடி, இரண்டு திங்களில் அத்தாளை அனுப்பிவைத்தான்.

அத்தாளில் இரண்டு செய்திகள் இருந்தன. பாட்டியின் சாதிக் கட்டத்தில் இருந்தது நம் குலப்பெயரன்று. வேறொரு குலத்தின் பெயர். அதனை ஈண்டுச் சொல்லவில்லை. சொன்னால் நம் செவி அதிலேயே நின்றுவிடும். மற்றொன்று, அவர் எண்ணுக்கு அடுத்த எண் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு இடப்பெற்றிருந்தது. அக்குழந்தையின் தந்தை பெயர்க் கட்டத்தில் ஓர் ஆடவர் பெயர் உண்டு. அப்பெயருடைய ஆடவர் அக்கப்பலில் இல்லை. தாயும் மகளுமாக இருவரே ஏறியிருக்கின்றனர். கணவனை இழந்தவரோ, கைவிடப்பட்டவரோ? நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் செல்லவேண்டும் என்று அந்நாளில் ஒரு விதி இருந்தமையால், துணையற்ற பெண்டிரை ஆள்சேர்ப்போர் தேடித் திரிந்தனர். அங்ஙனம் சென்றவருட் கைம்பெண்கள் பலர். 1856ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்துக்கு இடங்கொடுத்திருந்தும் ஊர் இடங்கொடுக்கவில்லை, கடல் இடங்கொடுத்தது.

இப்பொழுது அம்மையாரின் மூன்றாம் தாளை நோக்குவோம். அது 1917ஆம் ஆண்டின் மணப்பதிவு. இது தம் குடும்பத்தாள்தானா என்பதே அவருக்கு ஐயம். தம் பாட்டனார் பெயர் அதில் மணமகளின் தந்தையாகக் காணப்படுகின்றது. ஆனால் பாட்டனாருக்கு அவ்வயதில் மகள் இருந்ததாக வீட்டில் எவரும் சொன்னதில்லை. மணமகள் வயது 14 என்றிருந்தது. 1905இல் பிறந்தவரே தலைமகன் எனின், 1917இல் பதினான்கு வயது மகள் எங்ஙனம் வருவாள்? வேறொரு மூன்சாமியின் மகளாக இருக்கும் என்று விட்டிருந்தனர்.

யான் அம்மணமகளின் எண்ணை நோக்கினேன். அது பாட்டியின் எண்ணுக்கு அடுத்த எண்.

அவையோரே! கப்பலில் மூன்று வயதாக ஏறிய அக்குழந்தைதான் அம்மணமகள். கப்பற் பட்டியலில் அவளுக்குத் தந்தை ஒருவர். மணப்பதிவேட்டில் தந்தை வேறொருவர். வயதும் பொருந்தாது. பட்டியலின்படி அவளுக்கு அப்பொழுது பதினேழுக்குமேல் இருத்தல் வேண்டும். பதிவேடு பதினான்கு என்கின்றது. இதற்கும் காரணம் காணலாம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒப்பந்தம் முடிந்து தங்குவோர்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விழுந்தது. 1903இல் அது பதின்மூன்று வயதைக் கடந்த பெண்மக்களுக்கும் பதினாறு கடந்த ஆண்மக்களுக்கும் நீட்டப்பட்டது. மாதம் பத்துப் பதினைந்து ஷில்லிங் வாங்குவோனுக்கு ஆண்டில் அறுபது ஷில்லிங் என்ன பாடு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் வயதை மூன்றாண்டு குறைத்துச் சொல்லிய தந்தையை யான் பொய்யன் என்று சொல்லமாட்டேன். வரி போனபின்னும் குறைத்த வயது ஏட்டில் நின்றுவிட்டது என்றே கருதுகின்றேன்.

ஆகவே, தன் குலத்தைச் சாராத ஒருத்தியை மணந்து, அவள் கைப்பிடித்து வந்த குழந்தையைத் தன் மகள் என்று அரசாங்க ஏட்டில் எழுதுவித்து, தானே நின்று மணமுடித்தும் கொடுத்திருக்கின்றார் நம் குலத்தவர் ஒருவர். தவறு என்று கருதி ஒளித்துவைத்த அத்தாள்களில் உள்ள செய்தி இதுவே. இதனை யான் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். அம்மையாரிடமிருந்து வந்த விடை என்னைத் திடுக்கிடச் செய்தது. அம்மணமகளின் பேரப்பிள்ளைகள் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்கின்றனராம். பொங்கலுக்கும் புரட்டாசிக்கும் படையல் மாற்றிக்கொள்வார்களாம். ஏன் என்று ஒருவர்க்கும் தெரியாது. "பழைய பழக்கம்" என்றிருந்தனர்.

இச்செய்தியை எழுதி நம் இதழின் குடிவழிப் பக்கத்துக்குக் கொடுத்தேன். குழுவில் உள்ள பெரியவர் ஒருவர், என் தந்தையார்க்கும் மூத்தவர், என்மேல் மிக அன்புடையவர், என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்தப் பிள்ளைகளை நம்மவர் என்று சேர்த்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. பாட்டன் பெயரைப் போடு, ஊரைப் போடு. பாட்டியின் கட்டத்தை மட்டும் விட்டுவிடு. அந்தப் பெண்குழந்தையின் பேச்சும் வேண்டாம். நாளைக்கு இதைப் படித்துவிட்டு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அந்த அம்மாளுக்கும் அது நல்லதன்று" என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. யான் அதனை மறுக்கவில்லை. அம்மையாருக்கு எழுதிக் கேட்கின்றேன் என்று மட்டும் சொன்னேன். கேட்டும் எழுதினேன். அவர் தம் பேரனைக்கொண்டு எழுதுவித்த விடை இரண்டே வரி: "பாட்டியை விட்டால் என்னையும் விட்டுவிடுங்கள். பெரியத்தையை விட்டால் தாத்தாவையும் விட்டுவிடுங்கள்." இதுவரை அவர் கடிதங்களில் 'பெரியத்தை' என்னும் சொல் இருந்ததில்லை.

ஈண்டு என் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் அமைவது முறையன்று. பிறர் பெட்டியைத் திறந்தவன் தன் பெட்டியையும் திறத்தல் வேண்டும். கடல் கடந்தார்க்கே பதிவேடு உண்டு, நமக்கு இல்லை என்று எண்ணவேண்டா; நமக்கு மொய்ச்சுவடி இருக்கின்றது. என் பாட்டனார் மணத்தின் மொய்ச்சுவடி எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்தது. இக்கடிதப் போக்குவரவு நடந்தபோது அதனை எடுத்துத் தட்டிப் படித்தேன். எல்லாரும் பெயரும் ஊருமாக எழுதப்பெற்றிருக்க, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் பெயரின்றி இருந்தது: "தங்கச்சி வீடு. வரவில்லை. ரூ. 2." என் பாட்டனார்க்குத் தங்கை உண்டென்று எனக்கு எவரும் சொன்னதில்லை. என் தந்தையார்க்கும் தெரியாது. எண்பத்தெட்டு வயதுள்ள என் சின்னப்பாட்டியைக் கேட்டேன். முதலில் அவர் கேளாதவர்போல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தாமாகவே அழைத்துச் சொன்னார். அத்தங்கை வீட்டார் விரும்பாத இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். அன்றுமுதல் அவள் பெயரை வீட்டில் எடுப்பதில்லை என்று ஆணை. அண்ணன் மணத்துக்கு அவள் வரவில்லை, அல்லது வர விடவில்லை. இரண்டு ரூபாயை யார் கையிலோ கொடுத்தனுப்பியிருக்கின்றாள். எழுதியவர் பெயரை எழுத அஞ்சினார். ஆனால் உறவை எழுதிவிட்டார். அவ்வரியின் ஓரத்தில், மையன்றிப் பென்சிலால், என் பாட்டனார் கையெழுத்தில் பின்னாளிற் சேர்த்த மூன்று சொற்கள் இருக்கின்றன: "58 தை. செய்தாயிற்று." மொய் திரும்பச் செய்தால் அவ்வரியை அடித்து வைப்பது நம் வழக்கம் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் ஒருவர்க்கும் சொல்லாமல் அவர் தம் தங்கை வீட்டு விசேடம் ஒன்றுக்குச் சென்று வந்திருக்கின்றார். என் பாட்டனாரைச் சினம் மிக்கவர், வளையாதவர் என்றே யான் கேட்டு வளர்ந்தேன்.

அத்தங்கையின் பெயரைச் சின்னப்பாட்டி சொன்னார். எங்கள் குடிவழித் தாளில் அதனை எழுதிவிட்டேன். இதனை என் தந்தையார் முதலில் விரும்பவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லுகின்றேன். பின்பு அவரே அப்பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மையாரின் பாட்டனார் ஊர் கிடைத்ததா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கின்றார். போளூர்ப் பக்கத்தில் அப்பெயருடைய சிற்றூர்கள் இரண்டு இருக்கின்றன. பேரன் மீண்டும் வந்தபோது இருவரும் இரண்டுக்கும் சென்றோம். ஆடித் திங்களில் பாட்டனார் தோட்டத்து மரத்தடியில் கல் நட்டுப் பச்சையம்மனுக்குப் பொங்கலிடுவார் என்பது அம்மையார் வீட்டு நினைவு. பச்சையம்மனும் முனிகளும் அத்திசை முழுதும் வழிபடப்பெறும் தெய்வங்களாதலின் அதனால் ஊரைப் பிரித்தறிய இயலவில்லை. ஆனால் சிதைந்த அவ்வெழுத்தினுள் முனுசாமி என்னும் பெயர் ஏன் வந்தது என்பது விளங்கிற்று. ஓர் ஊரில் முதியவர் ஒருவர், "எங்கள் பெரிய பாட்டனுக்குத் தம்பி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போனார் என்பார்கள், பட்டாளத்துக்குப் போனார் என்று நினைத்தோம்" என்றார். இதனை யான் சான்றாகக் கொள்ளவில்லை; குறித்துமட்டும் வைத்திருக்கின்றேன். போளூர், ஆரணி, கலசபாக்கம் பக்கத்து உறுப்பினர்கள் தத்தம் வீட்டில் உள்ள பழைய மொய்ச்சுவடி, பாகப்பத்திரம், கடன்சீட்டு முதலியவற்றில் 1899க்கு முன்னும் பின்னும் பெயர் நின்றுபோன ஒருவர் இருக்கின்றாரா என்று நோக்கித் தெரிவிப்பீர்களாயின் பேருதவியாகும். பெயரும் எண்ணும் செயலாளரிடம் இருக்கின்றன; உயிரோடு இருப்போர் குடும்பச் செய்தியாதலின் அவற்றை மேடையிற் சொல்லவில்லை.

இதழுக்கு யான் எழுதிக் கொடுத்திருப்பது நான்கு வரியே. பெயரை விட்டுப் படிக்கின்றேன். குழு முடிவு செய்க.

"இவர் போளூர்த் தாலுகாவினின்றும் 1899இல் நேட்டால் சென்றார். அங்கு இவரை மணந்த அம்மையார் வேறு குலத்தவர். தம் மூன்று வயது மகளுடன் அந்நாடு வந்தவர். இம்மணம் 1915இல் பதிவு செய்யப்பெற்றது. இவர்க்கு மக்கள் மூவர்: 1917இல் மணமுடித்த மூத்த மகளும், 1905இலும் 1912இலும் பிறந்த ஆண்மக்கள் இருவரும்."